வன்னி வெயிலுக்கு ஒரு தண்டாய்: கசகசாவில் கவனம்

மகா சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் வட இந்தியாவில் குடிக்கிற மசாலாக் குளிர்பால்தான் தண்டாய். பங்குனியில் கிளிநொச்சிப் பக்கம் வெயில் ஏறும்போது எங்கள் வீட்டில் இது கட்டாயம் உண்டு.

1 லீற்றர் பசுப்பாலைக் காய்ச்சி, 5 மேசைக்கரண்டி சீனி கரைத்து ஆறவிடுங்கள். 15 கஜு, 10 பாதாம், 1 மேசைக்கரண்டி பெருஞ்சீரகம், 10 மிளகு ஆகியவற்றை 3 மணி நேரம் ஊறவைத்து, 5 ஏலக்காயின் விதையோடு பட்டுப்போல அரையுங்கள். அரைக்க முன்பு பாதாமின் தோலை உரித்துவிடுங்கள்.

இந்தியக் குறிப்புகளில் கசகசாவும் அரைக்கச் சொல்வார்கள். அங்கே கசகசா என்பது அபின் செடியின் வெள்ளை விதை. நம் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பதோ பலூடாவில் போடும் கறுப்பு விதை; தண்ணீர் பட்டால் ஊதி வழுவழுப்பாகும். முதல் தடவை தெரியாமல் அதையே அரைத்துவிட்டேன். எல்லாம் கூழாகி, துணியில் வடியவே இல்லை. அதை விட்டுவிட்டு 5 கஜு கூடுதலாகப் போடுங்கள், பதம் சரியாக வரும். ஆசையென்றால் கறுப்பு விதையைத் தனியே ஊறவைத்து மேலே தூவலாம்.

அரைத்ததைப் பாலில் கலந்து 2 மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, மெல்லிய துணியில் பிழிந்து வடியுங்கள்.

சீனிக்குப் பதில் பனங்கட்டியும் அருமை. ஆனால் கொதிக்கிற பாலில் போட்டால் திரையக்கூடும். பால் நன்றாக ஆறிய பிறகு, பாகாகக் காய்ச்சி வடித்து, அதையும் ஆறவிட்டுச் சேருங்கள். மிளகை மட்டும் குறைக்காதீர்கள். அந்த மெல்லிய காரம்தான் தண்டாய்.