மாரிக்கு முன் முருங்கையை வெட்டுங்கள்

திருகோணமலையில் ஐப்பசி பிறந்துவிட்டால் மழை எந்த நேரம் இறங்கும் என்று சொல்ல முடியாது. அதற்குள் முதல் வேலை முருங்கைதான். நெஞ்சளவு உயரத்தில் சாய்வாக வெட்டுங்கள். தட்டையாக வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் தங்கி உள்ளே அழுகும். போன மாரியில் சோம்பலில் விட்டுவைத்தேன், ஒரே இரவுக் காற்றில் முறிந்து கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. வெட்டிய தடிகளை வீசாதீர்கள். மூன்று நான்கு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் மேட்டில் நட்டால் வேர்பிடிக்கும்.

கடற்கரைப் பக்கத்து மணல் தண்ணீரை இழுத்துவிடும், பயமில்லை. தம்பலகாமம் பக்கம் வயல்மண் உள்ளவர்கள் கத்தரி, மிளகாயை ஒரு சாண் உயர்த்திய பாத்தியில் வையுங்கள். வேரில் தண்ணீர் நின்றால் ஓரிரு நாளிலேயே வாடும். அப்புறம், பூச்சாடிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள், நுளம்பு பெருகும்.