மூச்சுக்குழாய்ப் புண்ணை விலங்கில் ஆராய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனவர், சில வாரம் கழித்து நாலு படி ஏறினாலே இரைக்கிறது என்று திரும்பி வருவார். ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதிக் கொடுப்பதும் உண்டு. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால், டியூப் அழுத்திய இடத்தில் மூச்சுக்குழாய் தழும்பேறிச் சுருங்கியிருக்கும். இதைத் தடுக்க வழி தேடித்தான் முயல், பன்றி, நாய், எலி என்று சோதனைகள் நடக்கின்றன.

அவற்றில் பெரிய தவறு, காயம் வரும் வழியை மறந்துவிடுவது. டியூபைச் சுற்றியுள்ள கஃப் என்ற காற்றுப்பை சளிச்சவ்வை அழுத்த, நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓட்டம் நிற்கிறது. திசு செத்துப் புண்ணாகி, ஆறும்போது தழும்பு கட்டுகிறது. ஆய்வகத்திலோ பிரஷ்ஷால் சுரண்டியும், மின்சூடு வைத்தும், ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைத் தடவியும் சீக்கிரமே தழும்பை வரவழைத்துவிடலாம். ஒரு மருந்து தழும்பைக் குறைக்கிறதா என்று பார்க்க அது போதும். அதை வைத்து எந்த டியூப் பாதுகாப்பானது என்று பேசுவது வீண். 1969இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர்கள் கூப்பரும் கிரில்லோவும் நாய்களில் செய்த சோதனை இன்றும் மதிக்கப்படுவது, கஃப்பையே வைத்துப் பார்த்ததால்தான். விறைப்பான பழைய கஃப் புண்ணாக்கியது. அகன்ற மெல்லிய கஃப் அவ்வளவாகப் புண்ணாக்கவில்லை.

அடுத்தது அழுத்தக் கணக்கு. 1984இல் சீகோபின், வான் ஹாசெல்ட் என்ற ஆய்வாளர்கள் நோயாளிகளின் மூச்சுக்குழாயை உள்ளே பார்த்து, கஃப் அழுத்தம் 30 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். அந்த எண்ணை அப்படியே முயலுக்கும் பன்றிக்கும் தூக்கிப் போடுகிறார்கள். மானி காட்டுவது கஃப்புக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்தை. மூச்சுக்குழாயை விடச் சிறிய கஃப் என்றால், அதில் பெரும்பகுதி கஃப்பை இழுத்து விரிக்கவே செலவாகிவிடும், சுவருக்குப் போவது கொஞ்சம்தான். ஆக, இரண்டு விலங்கில் ஒரே 30 என்றாலும் சுவர் தாங்குவது ஒன்றல்ல. மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அது கஃப்புக்குள் ஊடுருவி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் ஒருமுறை அளந்து நோட்டில் குறித்த எண்ணுக்கு அப்புறம் என்ன மதிப்பு?

ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். சோதனைப் பன்றி இளசு, ஆரோக்கியமானது. ஐ.சி.யூ. நோயாளிக்கோ கிருமி ரத்தத்தில் பரவி, பிரஷர் விழுந்து கிடக்கும். அதே கஃப் அவருடைய சளிச்சவ்வை இன்னும் எளிதில் சாகடிக்கும்.

பன்றியைப் பற்றி இன்னொன்று. அதன் வலது மேல் நுரையீரலுக்குப் போகும் கிளை, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்பே அதிலிருந்து நேரடியாகக் கிளம்புகிறது. டியூப் கொஞ்சம் ஆழமாகப் போனாலும் கஃப் அதை அடைத்துவிடும். ஆக்சிஜன் குறைந்ததற்குக் காரணம் புரியாமல் விழிப்பது அப்புறம்.

முயலுக்கு டியூப் போடுவதே பெரும்பாடு. குரல்வளை சட்டென்று இறுகிக்கொள்ளும். நாலைந்து முறை குத்திப் போட்டபின் தெரியும் கீறல் டியூப் இருந்ததால் வந்ததா, போட்டதால் வந்ததா? டியூப் போட்டு உடனே எடுத்த ஒரு குழு தனியாக இல்லாவிட்டால் பதில் கிடைக்காது. சில மணி நேரத்தில் சோதனையை முடித்துவிட்டு 'சுருக்கம்' என்று எழுதுவதும் நடக்கிறது. அப்போது தெரிவது வீக்கமும் புண்ணும்தான். தழும்புக்கு வாரங்கள் வேண்டும்.

ஆனால் அத்தனை வாரம் காத்திருக்கும்போதுதான் என் பார்வையில் மன்னிக்க முடியாத தவறு நடக்கிறது: மூச்சடைத்துச் செத்த விலங்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. 18 மில்லிமீட்டர் அகலமுள்ள மனித மூச்சுக்குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால், வழியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சும். முயலின் 6 மில்லிமீட்டர் குழாயில் பாதிகூட மிஞ்சாது. மோசமாகச் சுருங்கியவை செத்துவிட, பிழைத்தவற்றை மட்டும் அளந்தால் எந்தச் சிகிச்சையும் நன்றாகத்தான் தெரியும். எந்த விலங்கை, ஏன் விலக்கினோம் என்பதை எழுதச் சொல்கிறது விலங்குச் சோதனைகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2020இல் திருத்தப்பட்ட அரைவ் (ARRIVE) நெறிமுறை. எந்த அளவு இரைப்பு வந்தால் முயலை வலியில்லாமல் கருணைக்கொலை செய்வது என்பதையும் முதல் டியூப் போடும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். அப்படி முடித்த முயலின் மூச்சுக்குழாயும் மற்றவற்றோடு சேர்த்து அளக்கப்பட வேண்டும்.