மலையில் வீடு, நகரத்தில் வேலை: தினமும் இறங்கி ஏறுபவர்கள் செய்யும் தவறுகள்

மலைக் கிராமத்தில் குடியிருந்துகொண்டு கீழே நகரத்துக்கு வேலைக்குப் போகலாம் என்ற முடிவைப் பெரும்பாலானோர் ஒரு நல்ல நாளில்தான் எடுக்கிறார்கள். வெயில் இதமாக இருக்கும், சாலை காய்ந்திருக்கும், விடுமுறை நாள் என்பதால் எதிரே வண்டியே வராது, முக்கால் மணி நேரத்தில் ஊருக்குள் போய் இறங்கிவிட்டு 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றிவிடும். பிறகு வீடு, வண்டி, வேலை நேரம், தூக்கம் என எல்லாவற்றுக்கும் அந்த முக்கால் மணி நேரத்தையே அடிப்படையாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். இந்தப் பயணத்தில் வரும் தொல்லைகளில் பாதி, அந்தக் கணக்கு ஒரு மோசமான நாளை வைத்துப் போடப்படாததால் வருபவைதான்.

முதலில் தூரம். மலைச்சாலையில் கிலோமீட்டருக்கு அர்த்தமே கிடையாது. சமவெளியில் 30 கிலோமீட்டர் என்றால் ஒரு பாட்டுக் கச்சேரி கேட்டு முடிப்பதற்குள் போய்விடலாம், மலையில் அதே 30 கிலோமீட்டரில் ஒரு பாரவண்டி முன்னால் மாட்டிக்கொண்டால் அன்றைய பொழுதே அதன் பின்னால்தான். மேப் காட்டும் நேரமும் பல சமயம் இதைச் சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், வேலைக்குப் போகும் அதே நேரத்துக்கு இறங்கிப் பாருங்கள், மாலையில் அலுவலகம் விடும் நேரத்துக்குத் திரும்பி ஏறியும் பாருங்கள். முடிந்தால் மழை நாளில் இன்னொரு முறை. வண்டி நிறுத்த இடம் தேடும் நேரம், அங்கிருந்து நடக்கும் நேரம் எல்லாம் சேர்த்து, வீட்டு வாசலில் இருந்து வேலை மேசை வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். காலையில் இறங்குவதை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். உடம்பைப் பதம் பார்ப்பது என்னவோ மாலை ஏற்றம்.

எவ்வளவு நேரம் தாங்கும்? சேசரே மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையில், வாகனம் எவ்வளவு வேகமானாலும் மனிதர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். போக, வர இரண்டும் சேர்த்து ஒரு மணி. அதற்கு மேல் போகவே முடியாது என்றில்லை, ஆனால் அது எங்கிருந்தோ பிடுங்கப்படும், பெரும்பாலும் தூக்கத்திலிருந்து. புரூனோ ஃப்ரே, அலோய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனித் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக்கூட மக்கள் தங்கள் வாழ்க்கையில் கொள்ளும் திருப்தி குறைகிறது என்று தெரிந்தது. நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டியிருக்க வேண்டும், அப்படி ஈடுகட்டவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை ஆறு மாதத்தில் பழகிவிடும், சாலை அப்படிப் பழகுவதில்லை, அது தினமும் புதிதாக ஒரு தொல்லையைக் கொண்டுவரும்.

சரி, போவது என்று முடிவாகிவிட்டது. அடுத்த பெரிய தவறு இறக்கத்தில் நடக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும், அதனால் எரிபொருள் போவதை கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. இதைவிட மோசம் எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுவது. பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், ஒன்றிரண்டு முறை மிதித்ததும் பிரேக் மிதியும் கெட்டியாகிவிடும். கொண்டை ஊசி வளைவு வரும் இடத்தில் இது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்குக்கு என்ன நடக்கிறது என்பதை எண்ணில் பார்த்தால் பயம் வரும், வரட்டும். 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். இறங்கும்போது அது இழக்கும் ஆற்றல் சுமார் 14.7 மெகாஜூல், அதாவது 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஏறத்தாழ 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சத்தை எஞ்சின் வாங்க வேண்டும் அல்லது பிரேக் வாங்க வேண்டும். வழி நெடுக பிரேக்கில் காலை வைத்தே இறங்கினால் அத்தனையும் கையளவு பேடுகளிலும் டிஸ்க்குகளிலும்தான் இறங்கும். கருகிய வாடை வரும், அப்புறம் மிதி வழக்கத்தைவிடக் கீழே போகும், மிதித்தாலும் வண்டி நிற்க யோசிக்கும். அந்த வாடை வந்ததுமே பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் கோணிப்போகும், விரிசலும் விடலாம்.

எந்த கியரில் ஏறுவீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இன்றைக்கும் நல்ல அளவுகோல்தான். வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காமல், அதற்கு முன்பே நேர்ச்சாலையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும், லேசாகத் தொட்டுக்கொண்டே வரக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் டி-யில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் எல் (L), பி (B), மேனுவல் மோட் என்று ஏதாவது ஒன்று இருக்கும், அது இறக்கத்துக்காகத்தான் இருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு, ஆகவே தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 ஆகிவிடுகிறது. கொதித்துக் குமிழி வந்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் தப்பித்துவிடலாம், தினமும் மலை இறங்கும் வண்டிக்கு அது நடக்காது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. இரவெல்லாம் வீட்டில் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்துடன் கிளம்புவார்கள். பேட்டரி நிரம்பியிருக்கும்போது இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வைக்க இடமே இருக்காது, அதனால் ரீஜென் பிரேக்கிங், அதாவது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் வேலை, மிகவும் குறைந்துவிடும், வண்டியும் வழக்கம்போல் பிடிக்காது. வீடு மேலே என்றால் எண்பது, எண்பத்தைந்தில் சார்ஜை நிறுத்திக்கொள்வது நல்லது. திரும்பும்போதுதான் நிறைய வேண்டும். மேலே சொன்ன 4 யூனிட் வெறும் உயரத்துக்கு மட்டும், கனமான பேட்டரி வண்டிக்கு இன்னும் கூடும், ஹீட்டர் தனி. காலையில் இறங்கியபோது 'பத்து சதவீதம்கூடச் செலவாகவில்லையே' என்று மகிழ்ந்து அதே கணக்கில் மாலையில் ஏறத் தொடங்குகிறவர்கள் பாதி வழியில் முழிப்பார்கள்.

வானிலை விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, நகரத்துக்கான முன்னறிவிப்பைப் பார்ப்பது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது, கீழே தூறல் என்றால் மேலே என்ன என்பது தனிக் கேள்வி. சில நாள் தலைகீழாகவும் நடக்கும், தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் போய்த் தேங்கிவிட்டால் மேலே உங்கள் முற்றத்தில் பளிச்சென்று வெயில் அடிக்கும், பாதி இறங்கியதும் மூடுபனிக்குள் நுழைவீர்கள். அங்கே ஹை பீம் போடுவது வீண், வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம், ஃபாக் லைட், சாலையோர வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். ஓடும் வண்டியில் ஹசார்ட் விளக்கு போட்டுக்கொண்டு போவதும் வேண்டாம், நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது.

மழை நின்றுவிட்டால் ஆபத்து நின்றுவிட்டது என்று நினைப்பதுதான் இதிலேயே பெரிய தவறு. சரிவுக்குள் இறங்கிய தண்ணீர் மண்ணுக்குள் ஊறி, மண்துகள்களின் பிடியைத் தளர்த்த நேரம் எடுக்கும், மழை விட்டுச் சில மணி நேரம், ஏன், ஒன்றிரண்டு நாள் கழித்தும் சரியலாம். சாலையில் நேற்றில்லாத சின்னச் சின்னக் கற்கள், சாய்ந்த மரம், திடீரென்று சேறாக ஓடும் ஓடை, சாலையோரத்தில் புது விரிசல், இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்தச் சரிவுக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கத் தோன்றக் கூடாது. மாற்றுப் பாதை ஒன்றையாவது பகலில் ஓட்டிப் பார்த்து வைத்திருங்கள், மேப்பில் கோடாகத் தெரிவதெல்லாம் வண்டி போகும் பாதையாக இருக்காது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி இல்லை, அதற்குப் பதில் வேறு உண்டு. கடைசி பஸ்ஸை நம்பி மட்டும் மாலை நேரத்தை அமைக்காதீர்கள், அதற்கு முந்தைய பஸ்தான் உங்கள் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தால் கண் 'அசைவில்லை' என்றும் காது 'அசைகிறது' என்றும் சொல்லும், குமட்டல் அங்கிருந்துதான். முன்பக்கம் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள். சிக்னல் இல்லாத இடங்களில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும், அந்தப் பகுதியில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடலாம்.

தூக்கத்துக்கு வருவோம். காலை ஐந்துக்கு எழுந்தவர் இரவு பத்துக்கு மலை ஏறுகிறார் என்றால் விழித்து 17 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்கு ஏறக்குறையச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் ஓட்டுநருக்கான சட்ட வரம்பே அதுதான். ஜன்னலைத் திறந்து விடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. கிளம்புவதற்கு முன் அலுவலகத்திலேயே இருபது நிமிடம் கண்ணை மூடுவது உதவும்.

பணக் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை: வாடகை மிச்சத்தை எழுதுகிறவர்கள் எரிபொருளோடு நிறுத்திவிடுகிறார்கள். டயர், பேட், கிளட்ச் எல்லாம் மலையில் சீக்கிரம் தேயும், அதையும் எழுதுங்கள்.

மேலதிகாரியிடம் சொல்லாமல் இருப்பதும் தவறுதான். தூரத்தில் இருப்பது தெரிந்தால் வேலை கொடுக்க மாட்டார்களோ என்று மறைத்துவிட்டு, முதல் மண்சரிவு அன்று காலை ஏழு மணிக்கு போன் செய்து விளக்குவது இரண்டு பக்கமும் சங்கடம். சேரும்போதே சொல்லிவிடலாம்: சாலை மூடினால் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை, மாலைக் கூட்டங்கள் இத்தனை மணிக்கு மேல் வேண்டாம், வாரத்தில் இன்ன நாள் நேரில் வருகிறேன். வாயால் பேசியதை ஒரு மின்னஞ்சலில் எழுதியும் வையுங்கள், மேலதிகாரி மாறுவார். அப்புறம், திரும்ப முடியாத இரவுக்கு நகரத்தில் ஒரு தங்குமிடம் வேண்டும், நண்பர் வீடோ விடுதியோ. மாற்றுத் துணி, மருந்து, சார்ஜர் மூன்றும் அலுவலக டிராயரிலேயே கிடக்கட்டும். அந்த நண்பரிடம் மழைக்காலம் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள், நனைந்துபோய் ராத்திரி பத்து மணிக்கு அவர் வாசலில் நின்றுகொண்டு கேட்க வேண்டாம்.