சத்து மாத்திரை: தேவையில்லாதவர் விழுங்குகிறார், தேவையுள்ளவர் விட்டுவிடுகிறார்

மருத்துவத்துக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து தங்கும் ஊராகையால், வேலூரில் மருந்துக்கடைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஏதேனும் ஒன்றின் முன் மாலை நேரத்தில் கால்மணி நேரம் நின்றால், டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல், “அசதியா இருக்கு, ஏதாவது சத்து மாத்திரை குடுங்க” என்று கேட்பவரைக் காணாமல் திரும்ப முடியாது. நன்றாகச் சாப்பிடுகிற, குறிப்பிட்ட நோயோ குறைபாடோ இல்லாத பெரியவருக்கு வைட்டமின் மாத்திரை பொதுவாகத் தேவையில்லை. அதே வேளையில், அந்தக் கடையைக் கடந்து போகும் எத்தனையோ பேருக்கு ஏதேனும் ஒரு வைட்டமின் உண்மையாகவே தேவைப்படுகிறது, அது அவர்களுக்குத் தெரியாது. இந்த இடமாற்றத்துக்குக் காரணமான தவறுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லாவற்றுக்கும் முந்திய தவறு, வீட்டுச் சாப்பாடு என்றாலே அது சமச்சீர் உணவு என்று எண்ணிக்கொள்வது. காலையில் இட்லி, மதியம் சோறும் குழம்பும், இரவில் தோசை என்று உண்பவர் சுத்தமான உணவு உண்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்று வேளையும் அவர் உண்பது பெரும்பாலும் அரிசியே. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவரின் உணவில் தானியம் 250 கிராம், காய்கறி கீரையோடு சேர்த்து 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், பழம் 100 கிராம், கொட்டை வகை 35 கிராம், பால் 300 மில்லி இருக்க வேண்டும். தானியத்தைவிடக் காய்கறி எடையில் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் தட்டிலோ சோறு குன்றாகவும், பொரியல் அதன் ஓரத்தில் இரண்டு கரண்டியாகவும் இருக்கிறது. இப்படி உண்டுவிட்டு, “நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், எனக்கு எதற்கு மாத்திரை” என்று சொல்பவரும், “சாப்பாட்டில் என்ன சத்து இருக்கிறது” என்று மாத்திரைக்குப் போகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: இருவருமே தங்கள் தட்டைப் பார்ப்பதில்லை.

வட ஆர்க்காட்டின் பழைய உணவில் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கொள்ளு, ஜவ்வாது மலைச் சாமை, மல்லாட்டை (நிலக்கடலை) என்று தானியமும் பயறும் கொட்டையும் கலந்திருந்தன. அதில் பாலும் பழமும் குறைவு என்பதால் அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது; இருந்தாலும் அதில் விட்டுப்போனதை மாத்திரையாக இல்லாமல் உணவாகவே சேர்த்துக்கொள்ளலாம். ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி சுமார் 80 மில்லிகிராம். நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. பாதிக் கொய்யாவில் முடிகிற வேலைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையைச் சப்புபவர், அதில் பெரும்பகுதியைச் சிறுநீரில் விட்டுவிடுகிறார்.

ரேஷன் அரிசியிலும் ஒரு தவறு நடக்கிறது. செறிவூட்டப்பட்ட அரிசியில் ஏறத்தாழ நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் (இதுவும் ஒரு பி வகை வைட்டமின்), வைட்டமின் பி12 ஆகியவை சேர்த்துச் செய்த அரிசிமணிகள் கலக்கப்படுகின்றன. அரிசி மாவையே மீண்டும் அரிசி வடிவில் வார்த்தெடுத்தவை என்பதால் அவை நிறத்தில் சற்றே வேறுபடும், சில சமயம் தண்ணீரில் மிதக்கவும் செய்யும். அதைக் கண்டு “பிளாஸ்டிக் அரிசி” என்று பொறுக்கி எறிந்துவிட்டு, அதே சத்தை மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் உண்டு. புழுங்கல் அரிசியைப் பற்றியும் ஒரு சொல் சேர்க்கலாம். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அதில் ஒரு பகுதி தங்குகிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த ஆந்திரக் கடலோரத்தில் ஒரு காலத்தில் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் அரிசி உண்ட பகுதிகள் பெருமளவு தப்பியதற்குக் காரணம் இதுவே. அந்தப் புழுங்கல் அரிசியை நான்கைந்து முறை கசக்கிக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டிவிட்டு, பிறகு பி காம்ப்ளெக்ஸ் வாங்குவது விந்தைதான்.

“வைட்டமின்தானே, அதிகமானால் வெளியே போய்விடும்” என்பது அடுத்த தவறு. நீரில் கரையும் வைட்டமின்களைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. பி காம்ப்ளெக்ஸ் போட்ட நாளில் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவதைப் பார்த்து, “உடம்பு சூடு” என்று வெந்தயத் தண்ணீரும் இளநீரும் குடிப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த மஞ்சள் சூட்டினால் வந்ததன்று, உடல் வேண்டாமென்று தள்ளிய வைட்டமின் பி2-இன் நிறம். ஆனால் வைட்டமின் பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்பே பாதிக்கப்பட்டுக் கை கால் மரத்துப்போகும். வைட்டமின் சி அளவு மீறினால் சிலருக்குச் சிறுநீரகக் கல் உண்டாகலாம். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே ஆகிய நான்கின் கதை வேறு. குறிப்பாக ஏ-யும் டி-யும் உடலில் சேர்ந்துகொண்டே போய்த் தீங்கு செய்யக்கூடியவை. கருவுற்ற பெண் அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் ஏ எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறை நேரலாம் என்பதை மறக்கக் கூடாது.

இவற்றுள் நான் மிகவும் அஞ்சுவது வைட்டமின் டி பொடி அல்லது குளிகையில் நேரும் குழப்பத்தை. குறைபாடு உள்ளவருக்கு 60,000 யூனிட் அளவில், வாரம் ஒன்று வீதம், சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது வழக்கம். பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 600 யூனிட்; அதாவது ஒரு பொட்டலத்தில் நூறு நாள் கணக்கு இருக்கிறது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டவரும், எட்டு வாரத்தில் நிறுத்தாமல் “நல்லா இருக்கு” என்று கடையில் வாங்கித் தொடர்ந்தவரும் உண்டு. இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், தடுமாற்றம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை அது கெடுக்கும். பொட்டலத்தின் மேலேயே கிழமையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அதிகம் எடுத்தால் அதிகம் காக்கும் என்ற நம்பிக்கை ஆய்வில் தோற்றுப்போன ஒன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாக 18 விழுக்காடு கூடியிருந்தது. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் அதே பொருள்தான். கீரையாக உண்டவருக்கு அப்படி ஆவதில்லை. புற்றுநோயையும் இதய நோயையும் தடுப்பதற்கென்று பீட்டா கரோட்டினையோ வைட்டமின் இ-யையோ எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. பல வைட்டமின்களைச் சேர்த்த மாத்திரையைப் பற்றி, நன்மை தீமை எதையும் சொல்வதற்குப் போதிய சான்று இல்லை என்றது.

இனி மறுபக்கத் தவறு: தேவையுள்ளவர் விட்டுவிடுவது. வைட்டமின் பி12 பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில்தான் நம்பத்தக்க அளவில் உண்டு. கீரையிலோ புளித்த இட்லி மாவிலோ அதைத் தேட முடியாது. எனவே பாலும் அதிகம் சேர்க்காத சைவ உணவினர், எவ்வளவு சமச்சீராக உண்டாலும், இந்த ஒன்றில் பின்தங்கக்கூடும். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உண்பவர், வயிற்று எரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வகை மாத்திரையை நெடுநாள் விடாமல் போடுபவர், வயதானவர் ஆகியோருக்கு, அசைவம் உண்டாலும், உணவில் உள்ள பி12 சரியாக உட்கிரகிக்கப்படாமல் போகலாம். பாதத்தில் மதமதப்பும் எரிச்சலும் வந்தால் “சர்க்கரை நரம்பைப் பிடித்துவிட்டது” என்று ஒதுக்கிவிடுகிறோம்; இரத்தப் பரிசோதனையில் பி12 அளவைப் பார்த்தால் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று அகப்படலாம். இங்கே ஃபோலிக் அமிலத்தை மட்டும் தானாக வாங்கிப் போடுவது ஆபத்து. அது பி12 குறைவால் வந்த இரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும்.

ஆனால் கருவுற எண்ணும் பெண்ணுக்கு அதே ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே தேவை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் சரியாக மூடிக்கொள்ள அது உதவுகிறது; அந்தக் குழலோ கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. பலருக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும், குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தையும், “நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறோம்” என்று மறுப்பது தவறு. மலம் கறுத்துப்போவதைப் பார்த்து இரும்பு மாத்திரையை நிறுத்துவோரும் உண்டு. அது மாத்திரையின் இயல்பு.

வெயிலைப் பற்றிச் சொன்னால் வேலூர்க்காரர் சிரிப்பார். வெயிலூர் என்று கேலி பேசப்படும் ஊரில் வைட்டமின் டி குறையுமா என்பார். வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல், காலணித் தொழிற்சாலைகளில் விடிந்ததும் உள்ளே போய்ச் சாயங்காலம் வெளியே வருகிறவர்களுக்கும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்கும் அது படுவதில்லை. காலை ஆறு மணி இளவெயிலில் நடப்பது உடலுக்கு நல்லதே, வைட்டமின் டி-க்கு அது ஏறக்குறையப் பயனற்றது. சூரியன் உயர்ந்திருக்கும் பொழுதின் கதிர்தான் அதை உண்டாக்கும், அதுவும் கண்ணாடிச் சன்னலைத் தாண்டி வராது. சித்திரை வைகாசியில் உச்சி வெயிலில் நிற்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மற்ற மாதங்களில் முற்பகல் பதினொரு மணியளவில் கையும் காலும் படச் சற்று நேரம் நின்றால் போதும்.

மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையையும் உண்ணும் முறையால் வீணாக்கிவிடலாம். இரும்பு மாத்திரையை டீ, காப்பி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து உண்டால் உடலில் சேர்வது குறையும். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் கூடும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரமாவது விட வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற பி வகை வைட்டமினை எடுப்பவர் அதைச் சொல்லாமல் இரத்தம் கொடுத்தால், தைராய்டு பரிசோதனையின் முடிவே தவறாக வரலாம். மாரடைப்பை அறியச் செய்யும் ட்ரோபோனின் பரிசோதனைக்கும் இது பொருந்தும். “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா” என்று மருத்துவர் கேட்கும்போது, சத்து மாத்திரையை மருந்தாகவே கருதாமல் “இல்லை” என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை போகும்போது வீட்டில் உள்ள அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்துவிடலாம்.