நர்சிங் குறிப்பில் ‘டிரௌசி’ (தூக்கக் கலக்கம்) என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள்

வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களின் அசெஸ்மென்ட் குறிப்பில் எழுத்துப்பிழை இருந்தால் யாராவது திருத்திவிடுவார்கள். டாக்கிகார்டியாவையும் (வேகமான நாடி) பிராடிகார்டியாவையும் (மெதுவான நாடி) மாற்றி எழுதினால் பக்கத்தில் இருக்கும் நாடித்துடிப்பு எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். சொல்லிலும் எழுத்திலும் பிழையே இல்லாமல், படிக்கிறவருக்கு எதுவும் தெரியாமல் போகிற குறிப்புகள்தான் ஆபத்து.

நினைவுநிலையை ஒரே சொல்லில் முடிப்பது

தலையில் அடிபட்டு அட்மிட் ஆனவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் கூப்பிட்டதும் கண் திறக்கிறார்; பெயர், இடம், மாதம் எல்லாம் சரியாகச் சொல்கிறார்; கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார். குறிப்பு: ‘டிரௌசி’. மதியம் கூப்பிட்டால் கண் திறக்கிறார், சொன்னதைச் செய்கிறார், ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குக் குழப்பம். குறிப்பு: ‘டிரௌசி’. இரவில் நகத்தை அழுத்தினால்தான் கண் திறக்கிறது. முனகல் மட்டும்தான் வருகிறது, கழுத்தோரத் தசையைக் கிள்ளினால் கை அங்கே போகிறது. அப்போதும் ‘டிரௌசி’தான்!

மூன்றையும் வரிசையாகப் படிக்கிற டாக்டருக்கு ‘மாற்றம் இல்லை’ என்றே தோன்றும். கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் (ஜி.சி.எஸ்.) இது 14, 13, 9. மண்டைக்குள் ரத்தக்கசிவு பெருகிக்கொண்டிருக்கலாம். 2 புள்ளி குறைந்தாலே டாக்டரை அழைக்க வேண்டும். இங்கே மதியத்திற்கும் இரவுக்கும் நடுவில் 4 புள்ளி போயிருக்கிறது, குறிப்பில் அதற்குச் சுவடே இல்லை.

லெதார்ஜிக், ஸ்டூப்பர், செமி-கோமா எல்லாம் இதே ரகம்தான். ஒருவரின் ஸ்டூப்பர் இன்னொருவருக்கு டிரௌசி. இந்தத் தொல்லைக்காகத்தான் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் 1974-இல் இந்த அளவையே கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும் பழைய சொல்லையே பிடித்துத் தொங்குவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அளவைப் பயன்படுத்துகிறவர்களும் கூட்டுத்தொகையை மட்டும் எழுதிவிட்டால் பாதி வேலைதான் ஆகிறது. ‘ஜி.சி.எஸ். 9’ என்றால் ஈ2 வி2 எம்5 (ஈ கண், வி பேச்சு, எம் அசைவு) ஆகவும் இருக்கலாம், ஈ4 வி1 எம்4 ஆகவும் இருக்கலாம். இரண்டாமவர் கண்ணைத் திறந்தபடி பேச்சற்றுக் கிடக்கிறார். இருவரும் ஒரே நோயாளி அல்ல. கண், பேச்சு, அசைவு மூன்றையும் பிரித்தே எழுதுங்கள்.

எம்4-க்கும் (வலியிலிருந்து விலகுவது) எம்5-க்கும் (வலிக்கும் இடத்தைத் தேடிக் கை போவது) நடுவில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நகத்தை அழுத்தும்போது கையை இழுத்துக்கொள்வதை வைத்து 5 போடக்கூடாது. கழுத்தோரத் தசையைக் கிள்ளியோ, புருவ மேட்டின் உள்பக்கப் பள்ளத்தை அழுத்தியோ பார்க்க வேண்டும். அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, அதிகபட்சம் 10 விநாடி. கை காறை எலும்புக்கு மேலே உயர்ந்து அந்த இடத்தைத் தேடினால்தான் 5. முக எலும்பு முறிவு இருந்தால் புருவத்தைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால் நன்றாக அசையும் கைக்கே மதிப்பெண். மறுபக்கப் பலவீனத்தைத் தனியாகக் குறியுங்கள்.

மூச்சுக்குழாய் போட்டவருக்கு வி1 (பேச்சே இல்லை) என்று எழுதுவது தவறு. சோதிக்க முடியவில்லை என்பதற்கு ‘என்.டி.’ என்று எழுத வேண்டும். அப்போது கூட்டுத்தொகையே வேண்டாம். கண் வீங்கி மூடியிருந்தாலும் இதேதான். காது கேளாதவருக்கும், உங்கள் மொழி புரியாதவருக்கும் ‘குழப்பம்’ என்று வி4 போடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

‘பெர்லா’

கண்மணிகள் இரண்டும் சமம், வட்டம், வெளிச்சத்துக்கும் அக்காமடேஷனுக்கும் சுருங்குகின்றன என்பதன் சுருக்கம் இது. டார்ச் அடித்துப் பார்த்தது வெளிச்சத்துக்கான எதிர்வினையை மட்டும். கடைசி ‘ஏ’ அக்காமடேஷன், அதாவது அருகில் உள்ளதைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குவது. விரலை மூக்கருகே கொண்டுவந்து பார்க்காமல் அதை எழுதாதீர்கள்.

நுரையீரல் சத்தங்கள்

எதைக் கேட்டாலும் ‘வீஸ்’ என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. வீஸ் விசில் மாதிரி, பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும். கிராக்கிள்ஸ் விட்டுவிட்டு நொறுநொறுவென, பெரும்பாலும் உள்ளிழுக்கும்போது. உள்ளிழுக்கும்போது கரகரவென, ஸ்டெத் வைக்காமலே கேட்டால் அது ஸ்ட்ரைடர். மேல் மூச்சுப்பாதை அடைபடுகிறது. அதை வீஸ் என்று எழுதி நெபுலைசர் மாட்டிவிட்டுப் போனால் நேரம் வீணாகும். முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள், குறிப்பை அப்புறம் எழுதலாம்.

டிஸ்ப்னியாவும் டாக்கிப்னியாவும்

முதலாவது மூச்சுத்திணறலாக நோயாளி உணர்வது. இரண்டாவது நீங்கள் எண்ணிக் கண்ட வேகமான மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 20-க்கு மேல். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

சயனோசிஸ்

தோலோ வாயோ நீலம் பாய்வது இது. எங்கே என்று எழுதுங்கள். நாக்கில் நீலம் தெரிந்தால் மத்திய வகை, அவசரம். விரல் நுனியில் மட்டும் என்றால் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். கருத்த தோலில் உதட்டை நம்பாமல் நாக்கையும் வாயின் உட்புறத்தையும் பாருங்கள்.

‘பி.எஸ்.’

குடல் சத்தமா, மூச்சுச் சத்தமா, ரத்தச் சர்க்கரையா? முழுதாக எழுதுங்கள்.

குடல் சத்தம் ‘இல்லை’

5 நிமிடம் கேட்டபிறகே எழுத வேண்டிய சொல் இது. வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் ஸ்டெத் வைத்துக் கேட்டதற்குப் பிறகுதான். கை பட்டாலே குடலின் அசைவு மாறிவிடக்கூடும், பிறகு கேட்கும் சத்தம் இயல்பானதா என்று தெரியாது.