பங்காளி தடத்தை மறிச்சுட்டாரா? எந்தக் காகிதத்தை எங்கே தேடுவது

போன வருசம் ஒரு நாள் தோட்டத்துக்குப் போனால், வண்டி போகும் தடத்துக்குக் குறுக்கே இரண்டு கல்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. பக்கத்துக் காடு பங்காளியுடையது. கேட்டதற்கு, "பட்டா எம்பேர்ல இருக்குது தம்பி. உன்ற தடம் எதுல எழுதியிருக்குதுன்னு காட்டு" என்றார். காட்ட எனக்கு ஐந்து மாதம் ஆனது. பட்டா, சிட்டா எடுக்கத் தெரிந்தவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

1. புலப்படமும் அ-பதிவேடும்

புலப்படம் என்பது சர்வே எண்ணின் எல்லைக் கோடுகளும் அளவுகளும் உள்ள வரைபடம்; அ-பதிவேடு என்பது ஒவ்வொரு எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு. பட்டா எடுக்கும் அதே அரசு இணையதளத்தில் இரண்டுமே கிடைக்கும். உங்கள் சர்வே எண்ணோடு அவருடையதற்கும் எடுங்கள். கோடுகளின் மேல் இருக்கும் எண்கள் மீட்டர் கணக்கு. அச்செடுத்த தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள்; பிரிண்டர் பக்கத்துக்குள் அடக்கச் சுருக்கியிருந்தால் படத்தில் 1:1000 என்று போட்டிருக்கும் அளவுகோலெல்லாம் பொய். பழைய பத்திரத்தில் லிங்க்ஸ் என்று இருந்தால், 100 லிங்க்ஸ் 66 அடி.

செல்போன் ஆப்பில் நிலம் அளப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். 12 அடித் தடம் என்பது மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே அவ்வளவு தள்ளிக் காட்டும். 30 மீட்டர் ஃபைபர் டேப்பும் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆளும் போதும்.

அ-பதிவேட்டில் அந்த இடம் தனி எண்ணில் 'வண்டிப்பாதை' புறம்போக்கு என்று இருந்தால் யோகம். தாசில்தாரிடம் ஆக்கிரமிப்பு மனு கொடுங்கள். இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள்.

2. நான் வழுக்கி விழுந்த இடம்

பணம் கட்டி சர்வேயரை வரவழைத்தேன். வெயிலில் நின்று அளந்து, அத்துக்கல்லை (எல்லைக்கல்லை) காட்டிவிட்டு, "எல்லை சரியா இருக்குதுங்க. தடம் படத்துல இல்லீங்களே" என்று கிளம்பிவிட்டார். இதற்கே மூன்று மாதம் போயிருந்தது. அளவை எல்லையைத்தான் சொல்லும். அடுத்தவர் பட்டா நிலத்தில் உங்களுக்குள்ள நடைபாத்தியத்தை, அதாவது போய்வரும் உரிமையை, அது சொல்லாது. அது பத்திரத்தில் இருக்கிற சங்கதி.

என் பத்திரத்தை எத்தனை தடவை புரட்டியும் நான்கு எல்லைக்கு மேல் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு பத்திர எழுத்தர்தான், "அவங்க நெம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். வில்லங்கச் சான்று என்பது அந்த நிலத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியல். இணையத்தில் 1975-க்கு முன்னால் போக முடியவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டதில் 1968-ஆம் வருசப் பாகப்பிரிவினை ஒன்று வந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், "வடபுறம் 12 அடி அகல மாமூல் வண்டித்தடத்தில் ஆள், கால்நடை, வண்டி போக வரப் பாத்தியம் சகிதம்." அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை அலைச்சல்!

அடுத்தவர் பத்திர நகலை நமக்குத் தருவார்களா என்று தயங்காதீர்கள். அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகலை யாரும் கேட்டு வாங்கலாம். பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது.

3. பத்திரத்திலும் இல்லையென்றால்

அப்போது கைகொடுப்பது 1882-ஆம் வருச ஈஸ்மெண்ட் சட்டம் (அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழி போன்ற உரிமைகளைப் பற்றியது), பிரிவு 15. வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக 20 வருசம் நடந்திருக்க வேண்டும். மறித்தபின் இரண்டு வருசத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: "உங்கள் அனுமதியோடு போய் வருகிறேன்" என்று சமாதானத்துக்காகக்கூட எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அனுமதி வாங்கிப் போனது உரிமைக் கணக்கில் சேராது.

4. கோர்ட்டுக்கு முன்னால்

வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் வழக்கில்லாமலேயே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடிக்கலாம். அங்கே எழுதும் தீர்வுக்குக் கோர்ட் டிகிரியின் பலம் உண்டு, அப்பீலும் கிடையாது. நான் அதுவரை போகவில்லை. பாகப்பிரிவினை நகலைக் கொண்டுபோய்ப் பங்காளியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி தேடி எடுத்துப் போட்டு, கடைசிப் பக்கம் திருப்பி, தன் அப்பாவின் கைநாட்டை விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் கம்பியை அவிழ்த்துவிட்டார். கல்கால் இன்னும் நிற்கிறது. டிராக்டர் போகுமளவு இடைவெளி இருப்பதால் விட்டுவிட்டேன்.

பிற்சேர்க்கை: நகரத்தில் இருப்பவர்கள் புலப்படம் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு நகர நில அளவைப் பதிவேடு. வார்டு, பிளாக் எண் கொடுத்துத் தேட வேண்டும். உட்பிரிவு எண்ணுக்குப் படம் திறக்காவிட்டால், உட்பிரிவுக்கு முந்தைய தாய் எண்ணின் படத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.