முடி மாற்றுச் சிகிச்சைக்குக் காசு கட்டும் முன்: திருகோணமலை வாசகருக்கான வழிகாட்டி

முடி மாற்றுச் சத்திரசிகிச்சை முடி உதிர்வதை நிறுத்தாது. தலையின் பின்புறத்திலும் பக்கங்களிலும் இருக்கும் முடியை வேரோடு எடுத்து முன்தலையிலோ உச்சியிலோ நாட்டுவது ஒன்றே அது செய்கிற வேலை. இதை விளங்கிக்கொள்ளாமல், வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த காசோடு கொழும்புக்கோ சென்னைக்கோ இஸ்தான்புல்லுக்கோ நேரே போய்ப் படுப்பவர்களே பின்னர் நொந்துகொள்கிறார்கள். ஆகவே கத்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், உதிர்வது எதனால் என்று கண்டறிவதையும் மருந்தால் எதுவரை காப்பாற்றலாம் என்பதையும் பேசியாக வேண்டும்.

முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள்

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்து விழுகிறது; அதே வேரில் அடுத்தது முளைக்கிறது. கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய சத்திரசிகிச்சை, பட்டினி கிடந்து உடல் மெலிதல் போன்ற அதிர்ச்சிகள் பல வேர்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்குத் தள்ளிவிடுகின்றன. அப்படி ஓய்ந்தவை இரண்டு மூன்று மாதம் கழித்தே கொத்துக் கொத்தாக விழும். 2017இல் கிண்ணியாவை டெங்கு எப்படி உலுக்கியது என்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தகைய காய்ச்சலிலிருந்து எழுந்த ஒருவர், சில மாதங்களுக்குப் பிறகு தலையணையில் முடியைக் கண்டு கலங்கும்போது, காய்ச்சலை மறந்து ஷாம்புவைக் குற்றம் சொல்வார். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். இதற்கு முடி நாட்டச் சொல்லும் நிலையம் எதுவாயினும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூடியதால் வழுக்கை விழுந்தது என்று இங்குள்ளவர்களும், கட்டாரிலும் துபாயிலும் கடல்நீரைச் சுத்திகரித்துக் குளித்ததால் விழுந்தது என்று அங்கு போய் வந்தவர்களும் சத்தியம் செய்வார்கள். கல்சியம் கூடிய தண்ணீர் முடியின் தண்டை வறட்டி முறிக்கலாம், வேரைக் கொல்வதில்லை. இருபத்தைந்து வயதில் வளைகுடா போகும் இளைஞருக்கு அந்த வயதிலேயே பரம்பரை வழுக்கையும் தொடங்குகிறது என்பதுதான் விடயம்.

பரம்பரை வழுக்கையின் அடையாளம், முன்நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறுவதும் உச்சி மெலிவதுமாகும். டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஹோர்மோன் டி.எச்.ரி. எனப்படும் வடிவுக்கு மாறி, மரபணுவால் அதற்கு இளகிய வேர்களை ஆண்டுக்காண்டு சிறுக்கச் செய்கிறது. பின்னந்தலை வேர்கள் அதற்கு அசைந்துகொடுப்பதில்லை. பெண்களுக்கு முன்கோடு அப்படியே இருக்க, நடு உச்சி மட்டும் அகலும்.

வட்ட வட்டமாக வழுவழுவென்று விழுந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது, உண்மையில் உடலின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. அந்த இடத்தில் ஸ்டெரொயிட் ஊசி போடுவதே வழமையான வைத்தியம். சிறு பிள்ளையின் தலையில் செதிலும் முறிந்த முடியும் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மேல்பூச்சு மட்டும் போதாது, வாயால் உட்கொள்ளும் மருந்து வேண்டும். எரிச்சலோ வலியோ இருந்து, முடித் துவாரங்களே மறைந்து தோல் பளபளத்தால், வேர் தழும்பாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த ஒன்றில் மட்டும் ஒரு கிழமைகூடத் தாமதிக்காமல் தோல் நோய் நிபுணரிடம் செல்ல வேண்டும், ஏனெனில் தழும்பான வேர் திரும்ப முளைக்காது.

ஆகவே முதற் படி, அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டித் தோல் நோய் நிபுணருக்குக் கடிதம் பெறுவது. முழுக் குருதிப் பரிசோதனை, பெரிட்டின் எனப்படும் இரும்புச் சேமிப்பின் அளவு, தைரொயிட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்கீனமும் முகத்தில் முடியும் உள்ள பெண்கள் சினைப்பை நீர்க்கட்டிகளுக்கும் பார்க்க வேண்டும். இரும்பு குறைந்த பெண்கள் முருங்கையிலையும் மீனும் உண்பது நல்லது, ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் பிளேன்ரீ அந்த இரும்பில் பெரும் பங்கை உடலில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். முடியை இறுக்கிப் பின்னி இழுத்துக் கொண்டையிடும் பழக்கம் காதோர முடியைத் தின்னும் என்பதையும் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முக்காட்டுக்குள் கொண்டை போடுபவர்களுக்கும் அது பொருந்தும். குற்றம் துணியில் இல்லை, இறுக்கத்தில்தான்.

மருந்து: இரண்டு பெயர்கள்

பரம்பரை வழுக்கைக்கு நெடுங்காலம் ஆராயப்பட்டு நிலைத்த மருந்துகள் இரண்டு. மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. அதை உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டே தலைக்குப் பூசும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் அது அனுமதி பெற்றது. ஆண்கள் 5 வீதக் கரைசலை நாளுக்கு இரு தடவை, ஒவ்வொரு முறையும் 1 மில்லிலீற்றர் வீதம், முடியில் அல்லாமல் உலர்ந்த தலைத்தோலில் படும்படி பூச வேண்டும். பூசிய கையைக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை, பூனைகளுக்கு இது நஞ்சு. தொடங்கிய முதல் சில கிழமைகளில் உதிர்வு கூடும். பழைய முடியைப் புதியது தள்ளுவதால் அது நிகழ்கிறது. பலர் போத்தலை எறிந்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும். நிறுத்தினால் கிடைத்தது சில மாதங்களில் போய்விடும். எண்ணெய் வைத்த தலையில் பூசுவதால் பயன் குறையும் என்பதால், நல்லெண்ணெய் முழுக்கு நாளில் தலையைக் கழுவி உலர்த்திய பின் பூசுங்கள்.

மற்றது பினாஸ்டெரைட். நாளுக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாக 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது, டி.எச்.ரி. உருவாவதைக் குறைப்பது இதன் வேலை. என் கருத்தில், மெலியத் தொடங்கிய இளைஞருக்குச் சத்திரசிகிச்சையைவிடப் பெரிய உதவி இந்தச் சிறு மாத்திரையே, ஏனெனில் இருப்பதைக் காப்பது இதுதான். ஆனால் இதைப் பார்மசியில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் கூடாது. சிறு பங்கினருக்குப் பாலுறவு நாட்டமும் இயக்கமும் குறையலாம். சிலருக்கு மாத்திரையை விட்ட பின்னரும் அது தொடர்ந்ததாக முறையிட்டிருக்கிறார்கள். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை குறித்தும் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்துள்ளது. முன்னர் மனச்சோர்வு இருந்தவர் அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. புரோஸ்டேட் பரிசோதனையான பி.எஸ்.ஏ. அளவை இது ஏறக்குறையப் பாதியாகக் காட்டும் என்பதால், நடுவயதுக்காரர் அந்தப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது இம்மாத்திரையைச் சொல்லியாக வேண்டும். இரத்ததானத்துக்கு முன் ஒரு மாதமாவது நிறுத்தியிருக்க வேண்டும். கருவுற்ற பெண்ணோ கருவுறக்கூடிய பெண்ணோ இதை உண்ணவும் கூடாது, உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொந்த இரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களை ஊசியால் ஏற்றும் பி.ஆர்.பி. முறை சிலருக்கு ஓரளவு பயன்படுகிறது. செய்முறை நிலையத்துக்கு நிலையம் மாறுவதால் உறுதி கூற முடியாத செலவு அது. பயோட்டின் மாத்திரை, குறைபாடு இல்லாதவருக்குப் பயனற்றது என்பதோடு, தைரொயிட்டையும் மாரடைப்பைக் காட்டும் ட்ரொபொனினையும் பார்க்கும் பரிசோதனைகளைப் பிழையாக்கவும் கூடும். செவ்வரத்தையும் கரிசலாங்கண்ணியும் காய்ச்சிய எண்ணெய் தலைக்குக் குளிர்ச்சியும் முடிக்குப் பளபளப்பும் தரும். விழுந்த வழுக்கையில் முளைக்கச் செய்யாது. கோயிலில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பதும் அப்படித்தான், நேர்த்தி வேறு, வேர் வேறு. பெயரும் மருந்தளவும் அச்சிடாத போத்தலில் முகநூல் வழியாக விற்கப்படும் எண்ணெய்களை வாங்கவே வேண்டாம்.

யாருக்கு நாட்டலாம், எத்தனை நாட்டலாம்

பின்னந்தலை முடியை எங்கே நாட்டினாலும் அது தன் பழைய குணத்தோடே வளரும் என்று நியூயோர்க்கில் நோர்மன் ஒரன்ட்ரைக் 1950களில் காட்டியதே இந்தச் சிகிச்சையின் அடித்தளம். அந்தப் பின்னந்தலை ஒரு வைப்புப் பணம்; வட்டி கிடையாது, எடுத்தது எடுத்ததுதான். சாதாரணமாக ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் 5000 முதல் 6000 வரையான முடிக்கொத்துகளையே பாதுகாப்பாக எடுக்கலாம். ஒரு கொத்தில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நெற்றி முதல் உச்சி வரை முழுவதும் வழுக்கையான தலையில் வெற்றிடம் சுமார் 200 சதுர சென்ரிமீற்றர் வரும். சதுர சென்ரிமீற்றருக்கு 40 கொத்து நாட்டினால், அது இயற்கை அடர்த்தியின் பாதியளவே ஆனாலும், 8000 கொத்து வேண்டும். அவ்வளவு கைவசம் இல்லை. எனவே முன்புறத்தை நிரப்பி உச்சியை விடுவதா, எல்லா இடத்திலும் மெல்லியதாகப் பரப்புவதா என்பதை நீங்களும் வைத்தியரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இருபத்திரண்டு வயதில் பள்ளிக்கூட நாளின் நெற்றிக்கோட்டைத் திருப்பிக் கேட்பவருக்கு அதை அப்படியே வரைந்து கொடுக்கும் வைத்தியர் அவருக்கு நன்மை செய்யவில்லை. நாட்டிய கோடு நிற்க, அதன் பின்னால் உள்ள சொந்த முடி விழுந்து, நாற்பது வயதில் முன்னே ஒரு கீற்றும் பின்னே வெறுந்தரையுமாகக் காட்சி தரும். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர் ஓராண்டாவது மருந்தெடுத்துப் பொறுத்துப் பார்ப்பதே நல்லது.

தழும்பு நோய் ஓடிக்கொண்டிருப்பவருக்கும், புழுவெட்டு அடங்காதவருக்கும், பின்னந்தலையும் சேர்ந்து மெலிந்த பெண்களுக்கும் இது பொருந்தாது. நீரிழிவு, இதய நோய், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கெலொயிட் எனப்படும் தடித்த தழும்பு வரும் உடல்வாகு ஆகியவற்றை முதற் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு முறைகள் உள்ளன. எஃப்.யூ.ரி. முறையில் பின்னந்தலையிலிருந்து ஒரு தோற்பட்டையை வெட்டித் தைப்பார்கள். கோடாக ஒரு தழும்பு நிற்கும். எஃப்.யூ.ஈ. முறையில் 1 மில்லிமீற்றருக்கு உட்பட்ட குழல் ஊசியால் கொத்துக் கொத்தாகத் தோண்டி எடுப்பார்கள். புள்ளித் தழும்புகளே மிஞ்சும். முடியை ஒட்ட வெட்டும் பழக்கமுள்ளவருக்குப் பின்னையது வசதி. ஆனால் அளவுக்கு மிஞ்சித் தோண்டினால் பின்னந்தலை பூச்சி அரித்ததுபோல் ஆகிவிடும்.

நிலையத்தில் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். தோண்டுவதும் துளையிடுவதும் வைத்தியரா, பயிற்றப்பட்டவர் என்று சொல்லப்படும் பணியாளரா என்பதே முதற் கேள்வி. அந்த வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். தனியார் நிலையமாயின் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். விலையைக் கொத்துக்குச் சொல்கிறார்களா, முடிக்குச் சொல்கிறார்களா என்று தெளிவாக்குங்கள், 4000 முடி என்பது 2000 கொத்தாகவே இருக்கலாம். மயக்க நிலை மோசமானால் என்ன ஏற்பாடு என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். 2016இல் சென்னையில் இச்சிகிச்சைக்குச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். தலைத்தோலை மரக்கச் செய்யும் ஊசி மருந்துக்கு உடல் எடைக்கேற்ற உச்ச அளவு உண்டு. அதைக் கணக்கிட்டுக் குறித்து வைக்கும் இடமே நல்ல இடம்.

சிகிச்சைக்குப் பின்

கொழும்பில் செய்துகொண்டு அன்றிரவே ரயிலிலோ பஸ்ஸிலோ திருகோணமலைக்குத் திரும்பாதீர்கள். மறுநாள் கழுவலையும் பார்வையிடலையும் முடித்துக்கொண்டு, கழுத்தைச் சுற்றும் தலையணையோடு புறப்படுங்கள். ஆசனத்தின் சாய்வில் பின்னந்தலை உரசக் கூடாது, நாட்டிய பகுதி எதிலும் படக் கூடாது. முதல் கிழமை தலையை 45 பாகை உயர்த்திப் படுக்க வேண்டும். மூன்றாம் நான்காம் நாளில் நெற்றி வீங்கிக் கண் வரை இறங்கலாம். அது தானாக வற்றும். காய்ச்சலோ சீழோ கண்டால் மட்டும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கழுவும்போது பூக்குழாயைத் திறந்துவிடாமல், குழந்தை ஷாம்புவைக் கரைத்த நீரைக் கோப்பையால் மெல்ல ஊற்றுங்கள். காய்ந்த பொருக்கை நகத்தால் கிள்ளினால் வேரும் கூடவே வரும். பத்து நாளளவில் கொத்துகள் பிடித்துக்கொள்ளும். அதுவரை மோட்டார்சைக்கிள் தலைக்கவசம் வேண்டாம். அணியாமல் ஓட்டவும் முடியாதென்பதால், வேலைக்கு ஓட்டோவை ஒழுங்கு செய்யுங்கள். கச்சான் காற்றும் வெயிலும் கொளுத்தும் ஆனி ஆடியில் செய்வதாயின் அகலத் தொப்பியோ குடையோ இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடலிலும், கன்னியா வெந்நீர்க் கிணற்றிலும் ஒரு மாதம் தலை முழுகாமல் இருங்கள். கடற்றொழிலாளர் இதைத் தொழில் ஓய்ந்திருக்கும் காலத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.

இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் நாட்டிய முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கிறது; மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய முடியாக முளைத்து, ஓராண்டில்தான் முழுத்தோற்றம் வரும். உச்சியில் இன்னும் சில மாதம் பிந்தலாம். இந்தக் காலம் முழுவதும் மருந்தைத் தொடர வேண்டும், இல்லையேல் நாட்டியது நிற்கச் சுற்றியுள்ளது போகும். மாதத்துக்கு ஒரு முறை ஒரே சன்னல் வெளிச்சத்தில், ஈரமில்லாத தலையோடு, ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். பன்னிரண்டாம் மாதப் படத்தைப் பார்க்கும்வரை இரண்டாம் சிகிச்சைக்கு முற்பணம் கட்டாதீர்கள்.